எழுபத்தெட்டாம் நிமிடம்

யூட்சன்,
நீ பந்தைப் பறிகொடுத்த ஒவ்வொரு முறையும்
நான் எண்ணினேன்.
முதல் பாதியில் பதினேழு.

உன் பக்கம் அனுப்பிவிட்டு
முழங்காலில் கை ஊன்றிக் குனிவேன்.
அவ்வளவுதான் எனக்கு ஓய்வு.
நிமிர்ந்தால்
நடுக்கோட்டைத் தாண்டி
வந்துகொண்டிருக்கும் பந்து,
கடன்காரன் படலை திறக்கிற மாதிரி.

இடக்கால் லேஸ் அவிழ்ந்தபடி
இருபது நிமிடம் ஓடினேன்.
கட்டுகிற நேரத்தை
நீதான் தரவேண்டும்.
காலுக்குள் வைத்து இரண்டு பேருக்கு மாற்று,
கோல்கூட வேண்டாம்,
ஒரு முடிச்சுக்கு அது காணும்.

பிறகு மரியசீலனுக்குத் தொடை இறுகியது.
கோனர் கொடியடியில் அவன் விழுந்து துடித்த நேரம்தான்
நான் லேஸைக் கட்டினேன்.
அந்தோனியாரே நன்றி
என்றுகூட நினைத்தேன்.

இரண்டாம் பாதியில் கடற்காற்று எதிரே.
கிறேசியன் கோலுக்குள் நின்று தொண்டை கிழியக் கத்தினான்,
"ஏறுங்கோடா, ஏறுங்கோ!"
ஏறினோம்.
பத்து யார் ஏறிப் பதினைந்து யார் இறங்கினோம்.

கரைவலைக்கு இரண்டு கயிறு.
ஒரு பக்கத்தார் தளர விட்டால்
மீன் போவது பிறகு,
முதலில் போவது
மற்றப் பக்கத்தாரின் உள்ளங்கை.

இளவாலைக்காரரின் பதினொன்றாம் இலக்கம்,
மீசை முளைக்காத பொடியன்,
அவனுக்கு வியர்க்கவே இல்லை.
பந்துதான் ஓடியது,
அதன் பின்னால் நாங்கள்.

எழுபத்தெட்டில் அவன் என்னைக் கடந்தபோது
மனம் திரும்பிவிட்டது,
இடுப்புத் திரும்பவில்லை.
வலை அசைந்தது எனக்குக் கேட்கவில்லை.
மதிலில் இருந்தவர்களின் தூசணம் கேட்டது,
அவ்வளவும் எங்களுக்கு.
"பின்வரிசை படுத்திட்டுது!"
உன் பெயரை
ஒருவரும் எடுக்கவில்லை.

இரவு, கொய்யாத்தோட்டத்துச் சந்திக் கடை.
தகட்டில் கொத்துகிற சத்தத்துக்குள்
வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன்.
பதினேழு. முழு ஆட்டத்துக்கும் முப்பத்தொன்று.
முப்பத்தொன்று, யூட்சன்.

நீ காலுறையை உருட்டிக் கழற்றினாய்.
கணுக்காலில் நூல் ஒட்டிக் காய்ந்த இரத்தம்.
"அண்ணை," என்றாய்,
முகத்தைப் பார்க்காமல்,
"நீங்கள் அடிச்ச பந்தில
ஒண்டாவது நிலத்தில வந்ததோ?
எல்லாம் வானத்தால.
மூண்டு பேருக்கு நடுவில
தலையை நீட்டி நீட்டி
எனக்குக் கழுத்து ஏலாமல் போச்சு."

எண்ணிப் பார்த்தேன்.
தூக்கி அடித்தவை,
காற்று பிடித்துத் திருப்பித் தந்தவை,
பயத்தில் எங்காவது போகட்டும் என்று உதைத்தவை.
கைவிரல் முடிந்தது.
அந்தக் கணக்கை மட்டும்
நான் வைத்திருக்கவில்லை.

"முட்டையோ, கோழியோ?"
கடைக்காரன் மூன்றாம் தரம் கேட்டான்.
நான் உன்னைப் பார்த்தேன்.
நீ என்னைப் பார்த்தாய்.