நாணயம்

லிஃப்டுக்குள் பெட்டி நுழையாது என்று
அப்பாவுக்கு முன்பே தெரியும்.
இருபத்தாறு வருடம் அதைப் பழுதுபார்த்தவர்.
கதவின் அகலம், கம்பியின் வயது,
எந்த மழைக்கு எந்த மோட்டார் இருமும்,
எல்லாம் மனப்பாடம்.

ஆகவே ஒன்பதாம் மாடியிலிருந்து
தொண்ணூற்றிரண்டு கிலோ ஜும்பெர்
படி வழியே இறங்கினார், ஆறு பேர் தோளில்.
மூடி போடாத பெட்டி.
ஒவ்வொரு திருப்பத்திலும் அதை நிமிர்த்த வேண்டியிருந்தது.
எழுந்து நின்று எங்களைப் பார்த்துவிட்டு
மறுபடி படுத்துக்கொண்டார்.

நான்காம் மாடியில் தம்பி ஸூராபிக்கு மூச்சு வாங்கியது.
"இடது காலை முன்னால் வை, மடையா என்றிருப்பார்"
என்றான்.
சொல்லிவிட்டு இடது காலை முன்னால் வைத்தான்.

எனக்கு ஏழு வயது.
திபிலிசியில் மின்சாரம்
சொல்லாமல் கொள்ளாமல் போய்வந்த குளிர்காலம்.
யாராவது நடுவில் மாட்டிக்கொள்வார்கள்.
அப்பா மொட்டைமாடி ஏறிச் சக்கரத்தைக் கையால் சுற்றுவார்.
கதவிடுக்கில் வாய் வைத்துப் பேசுவது என் வேலை.

"பயப்படாதே என்று மட்டும் சொல்லாதே,
அப்போதுதான் பயம் வரும்.
முதலில் உன் பெயரைச் சொல்.
பிறகு அவர் பெயரைக் கேள்.
பெயர் சொன்ன ஆள்
பாதி வெளியே வந்த மாதிரி."

நான் நாதெலா, நீங்கள்?
இருட்டுக்குள்ளிருந்து எத்தனை பெயர்கள்.
ஒருவர் மட்டும் பொய்ப்பெயர் சொன்னார்.
ஐந்தாம் மாடிக்கு அவர் எதற்கு வந்தார் என்பது
கட்டிடம் முழுக்கத் தெரியும்.
அப்பா கடைசிவரை
அந்தப் பொய்ப்பெயரிலேயே அவருக்கு வணக்கம் வைத்தார்.

அப்பா சொன்னதெல்லாம் பலித்தது என்றில்லை.
டிசம்பருக்கு முன் அக்ரூட் வாங்காதே என்றார்;
ஒவ்வொரு வருடமும் நஷ்டம்தான்.
ஈரத்தலையோடு வெளியே போனால்
மூளை சுருங்கும் என்றார்.
குட்டையான ஆளைக் கல்யாணம் செய்யாதே என்றார்;
செய்தேன்,
பெட்டியின் முன்பக்கம் பிடித்தவர் அவர்தான்.

ஆஸ்பத்திரியின் கடைசி வாரத்தில்
அப்பாவுக்கு என்னைத் தெரியவில்லை.
ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
இரண்டையும் ஒரே மாதிரி.
நான் குனிந்து
என் பெயர் நாதெலா, உங்கள் பெயர் என்றேன்.
புதியவர்களிடம் காட்டும் மரியாதையோடு,
படுத்தபடியே சட்டைக் காலரைச் சரிசெய்து,
"ஜும்பெர்" என்றார்.

நாற்பதாம் நாள் விருந்துக்கு முந்தைய மாலை
கருவிப்பையைக் காலி செய்தோம்.
கிரீஸ் டப்பா, பாதி மெழுகுவர்த்தி,
பிறகு,
துளையிட்டு நூல் கட்டிய
பத்துத் தெத்ரி நாணயம் ஒன்று.

அதை இடுக்கில் விட்டால் லிஃப்ட் ஏறும்,
நூலை இழுத்தால் காசு திரும்பும்.
பதின்மூன்று வயதில் இதே வேலைக்காக
ஸூராபி வாங்கிய அறை
இரண்டாம் மாடி வரை கேட்டது.
"திருட்டுக்கு நூல் எத்தனை மெல்லிசாக இருந்தாலும்
அது கயிறுதான்டா!"

இந்த நூலோ தேய்ந்து பளபளத்தது,
பல வருடம் விரல் பட்டது போல.
அப்பா லிஃப்டில் ஏறியதே இல்லை.
"ஓட்டையெல்லாம் தெரிந்தவன் ஏறமாட்டான்" என்பார்.
அப்படியானால் யாருக்கு?

ஏழாம் மாடி லாமாராவிடம் கேட்டோம்.
ஓய்வூதியத்தில் மருந்துக்கே இழுபறி,
முழங்கால்கள் எப்போதோ கைவிட்டவை.
"எனக்கென்ன தெரியும்" என்றாள்.
அவள் கண் நாணயத்தை விட்டு நகரவில்லை.

விருந்து முடிந்து அவளைக் கூட்டிப்போனபோது
ஸூராபி அதை இடுக்கில் விட்டான்.
நூல் அறுந்தது.
உள்ளே போன காசு போனதுதான்.
ஊசி, ஹேர்பின், என் கணவரின் நீளமில்லாத விரல்,
எதுவும் எட்டவில்லை.

அடுத்த மாதம் கம்பெனி ஆள்
பெட்டியைத் திறந்து எண்ணுவான்.
துளையிட்டது யார் என்று மாடி மாடியாகக் கேட்பான்.
முதலில் அவன் பெயரைச் சொல்லட்டும்,
பார்க்கலாம்.