குறிப்புக்கு ஒரு விரற்கடை

எங்கள் ஊர் ஹா பொலிலேயின் மழைமானி
என் பொறுப்பு.
காலை ஏழுக்கு வாசித்து
மொகொட்லோங் அலுவலகம் தந்த நோட்டில் எழுதவேண்டும்:
மழை எவ்வளவு, குளிர் எவ்வளவு.
வரியின் கடைசியில் 'குறிப்பு' என்று
ஒரு விரற்கடை இடம்.
அநேக நாள் அதில் 'இல்லை' என்றுதான் எழுதுவேன்.

செப்டம்பர் முதல் திங்கள்.
ஆகஸ்ட்டின் புழுதிக்காற்று ஓய்ந்து
பீச் மரங்கள் இலைக்கு முந்திப் பூத்திருந்தன.
கல்மதில்மேல் போர்வைகள் காய்ந்தன.
நாலு மாதம் கழித்து
செகாகேயின் கழுத்தைப் பார்த்தோம்.
"நாளைக்குக் கத்தரித்துவிடலாமா?"
என்னிடம் கேட்டான்,
வானத்தின் சாவி என் இடுப்பில் தொங்குவதுபோல.
நான் பெய்து முடிந்ததை அளப்பவள்.
வரப்போவதற்கு என் குழாயில் கோடு கிடையாது.
அதைச் சொல்லியிருக்கலாம்.
"பதினெட்டு டிகிரி" என்றேன்.

நாற்பத்தோரு அங்கோரா ஆடுகள்.
சுருள் ரோமம் மூட்டைக்குள் போக
குளித்துவிட்டுத் துண்டு தேடுகிறவர்கள்போல்
வெளிறிய சிவப்பாய் நின்றன.
ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல்
முகர்ந்து முகர்ந்து பார்த்தன.

புதன் மதியம் ஆலங்கட்டி.
அது உருளும்போதே வெயில்.
வெயில் இருக்கும்போதே தூறல்.
பிள்ளைகள் கட்டிகளைப் பொறுக்கி வாயில் போட்டார்கள்.
நாலு மணிக்குக் காற்று தெற்குக்கு மாறியது.
மேய்ச்சலுக்குப் போன மாடுகள்
யாரும் ஓட்டாமலே இறங்கி வந்தன.

இரவு பனி விழுவதற்குச் சத்தமில்லை;
செகாகேதான் சத்தம்.
டார்ச் வெளிச்சத்தில் ஊரே மேட்டுப்பட்டிக்கு ஏறியது.
தோளில் ஒன்று, கக்கத்தில் ஒன்று.
பள்ளிக்கூடச் சாவி யாரிடமென்று தெரியாததால்
பூட்டை உடைத்தோம்.
மூன்றாம் வகுப்பு பெஞ்சுகளுக்கிடையில் முப்பத்திரண்டு.
புலானே தன் கல்யாணப் போர்வையை அவிழ்த்து
சினையாட்டுக்குப் போர்த்தி
கழுத்தில் ஊக்கும் குத்தினாள்.
என் வீட்டுக்கு ஆறு வந்தன.
வரட்டி மூட்டி, கதவுக்கு மூட்டை முட்டுக்கொடுத்து
நடுவில் உட்கார்ந்திருந்தேன்.
ஆறும் ஒரே நடுக்கமாய் நடுங்கின.
எங்கே முடிந்து எங்கே என்னுடையது தொடங்கியதென்று
சொல்ல முடியவில்லை.

விடிந்தது. மைனஸ் ஏழு.
மழைமானிக்கு வெள்ளைத் தொப்பி.
விதி இதுதான்: பனியை உள்ளே கொண்டுவந்து
உருக்கி, பிறகு அளக்கவேண்டும்.
அடுப்போரம் வைத்தேன்.
கண்ணசந்தது ஒரு நிமிடம், இல்லை, பத்து நிமிடம்.
முழித்தபோது
மூக்கில் சொட்டுத் தண்ணீரோடு
ஒரு கிடா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இருபது வருஷத்தில் ஒரு வரியும் விட்டதில்லை.
எழுதினேன்:
மழை: தெரியாது.
குறிப்பு: ஆடு குடித்துவிட்டது.
மேட்டுப்பட்டிப் பாதையில் மூன்று செத்துக் கிடந்ததை
அப்புறம்தான் சொன்னார்கள்.
அதற்கு இடம் போதவில்லை.
எழுத்துகள் வெள்ளிக்கிழமைக்குள் வழிந்தன.

வெள்ளி, மூடுபனி. அலுவலகத்துக்கு அதுவும் ஒரு சொல்;
எங்களுக்கு
பக்கத்து வீட்டில் யார் அழுகிறார்கள் என்று
தெரியாமல் போன ஒரு பகல்.

சனி உருகியது. கூரையெல்லாம் கணக்கெண்ணியது.
பீச் பூக்கள் தெற்குப் பக்கம் தேயிலைநிறம்,
வடக்குப் பக்கம் ஒன்றுமே நடக்காததுபோல்.

ஞாயிறு ஜெபம் முடிந்து செகாகே வந்தான்.
ஆட்டுவாடை அடிக்கும் என் போர்வையை
மடித்துக் கொண்டுவந்திருந்தான்.
ஒரு தொடைக்கறியும், காகிதம் சுற்றி.
நான் எது சொல்ல வாய் திறந்தேனோ
அதற்கு முன்
"இன்றைக்கு எவ்வளவு?" என்றான்.
"பதினாறு" என்றேன்.
"இன்றைக்கு மட்டும்."
தலையாட்டினான்.
பளீரென்ற வெயிலில்
போர்வை ஊக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு
இறக்கத்தில் போனான்.