ஒன்று புள்ளி பூஜ்யம் மூன்று

ஜெலுத்தோங்கில் டயர் கடைக்கு மேல்மாடி.
நொறுங்கிய கார்களின் படங்களைச் சேமிப்பதுதான்
எங்கள் பிழைப்பு.
பாலத்தில் தடுப்பை முட்டிய மைவி,
வெள்ளத்தில் இருக்கை ஊறிய சாகா,
பின்கதவு வளைந்த ஐஸ் லோரி.
ஒரே பம்பரை
சர்வேயர் ஒருமுறை,
பட்டறைக்காரர் ஒருமுறை,
வக்கீலின் குமாஸ்தா இருமுறை,
எதற்கும் இருக்கட்டும் என்று
பயத்தில் நான் ஒருமுறை
வைத்திருக்கிறோம்.
இறுதி. இறுதி இரண்டு. இதுதான் இறுதி.

வட்டு தொண்ணூற்று நான்கு சதவீதம் நிரம்பியதும்
மிஸ்டர் கூய் வந்தார்.
"குமு, ஒரே மாதிரி இருப்பதையெல்லாம்
ஒன்றாக்கிவிடலாமாமே.
ஒரு சொல்லைத் தட்டினால் போதுமாம்."
என் பெயர் குமுதேஸ்வரி.
அவர் எதையும் சுருக்கித்தான் சேமிப்பார்.

உண்மைதான், ஒரே சொல்தான்.
அதைத் தட்டும் முன்
படித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதல் கையேடு:
டெராபைட்டுக்கு ஒரு கிகாபைட் ரேம்.
இரண்டாவது: ஐந்து.
மூன்றாவது: அதெல்லாம் பழங்கதை, கவலை வேண்டாம்.
நான்காவது அம்புக்குறி போட்டுக் காட்டும் பொத்தான்
எங்கள் பதிப்பில் கிடையவே கிடையாது.
ஐந்திலிருந்து ஒன்பதுவரை
எல்லாவற்றிலும் ஒரு வாக்கியம்:
"இயக்கியவுடன் பழைய கோப்புகளும் சுருங்கும்."
ஐந்து வாக்கியங்களிலும்
அதே சொல்லில் அதே எழுத்து விட்டுப்போயிருந்தது.

யாரோ தூக்கக் கலக்கத்தில் எழுதியதை
நான்கு பேர் விழித்திருந்து நகலெடுத்திருக்கிறார்கள்.

பத்தரைக்குக் கீழே இழுகதவு விழுந்தது.
ஷாஃபிகா வாங்கி வைத்துவிட்டுப் போன மீ கோரெங்
பொட்டலத்திலேயே ஆறியது.
பழைய மடிக்கணினியில்
சின்னதாக ஒரு கிடங்கு கட்டினேன்.
பென்டிரைவிலிருந்து ஒரே மைவியைப்
பத்து முறை இறக்கினேன்.
பிறகுதான் அந்தச் சொல்லைத் தட்டினேன்.

பத்தும் பத்தாகவே கிடந்தன.
பதினொன்றாவது மைவியும்
தனக்கென முழு இடம் பிடித்தது.
பன்னிரண்டாவதுக்குத்தான்
வட்டு அசையவில்லை.
அட்டவணை தன் கண்முன் வந்ததை மட்டுமே நம்புகிறது.
முந்திய பத்து விபத்துகள்
அதற்கு நடக்கவே இல்லை.

அப்புறம்தான் தோன்றியது.
கணினிக்குள்ளேயே ஒரு கையேடு உண்டு,
நிறுவும்போது கூடவே வந்தது,
படம் இல்லை, நிறம் இல்லை,
கறுப்புத் திரையில் சாம்பல் எழுத்து.
எங்கோ ஆழத்தில் ஒரு வரி:
இந்த மாற்றம் இனி எழுதப்படுபவற்றுக்கே.
அவ்வளவுதான்.
நான் இரவெல்லாம் மைவியை நொறுக்கி அறிந்தது
ஆரம்பத்திலிருந்தே காலடியில் கிடந்திருக்கிறது.

அதே பக்கம் இன்னொன்றும் சொன்னது:
இயக்காமலே கணக்குப் பார்க்கலாம்.
நிஜ வட்டின்மேல் அதை ஓடவிட்டு
மேசையில் தலை வைத்தேன்.
சுபுஹ் பாங்கு கேட்டு நிமிர்ந்தபோது
திரையில் ஓர் எண்.
ஒன்று புள்ளி பூஜ்யம் மூன்று.

இத்தனை நகல்களுக்கு இவ்வளவுதானா?
ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
பட்டறைக்காரர் வாட்சாப்பில் அனுப்பியது
வழியில் பிழியப்பட்டு வேறாகிவிட்டது.
சர்வேயர் மூலையில் தேதி பதித்திருந்தார்.
குமாஸ்தா ஓரத்தை வெட்டி
லேசாகத் திருப்பி வைத்திருந்தார்.
என் கண்ணுக்கு ஒரே பம்பர்,
வட்டுக்கு நாலு பேரின் நாலு விபத்து.
அச்சு அசலாக ஒத்துப்போனவை
நான் பயத்தில் எடுத்தவை மட்டும்.
அந்த பூஜ்யம் மூன்று
முழுக்க முழுக்க என் பயம்.

அதை அழிக்க ஒரு மணி நேரம் பிடித்தது.

"தட்டியாச்சா?" என்றார் மிஸ்டர் கூய்,
கையில் கோப்பி ஓ பையோடு.
தட்டவில்லை என்றேன்.
புது வட்டின் விலையைக் காட்டினேன்.
தரகரிடம் பேசுவதுபோல்
ரொம்ப நேரம் அந்த எண்ணையே பார்த்தார்.

எனக்குப் பின் இந்த நாற்காலிக்கு வருபவருக்காக
பத்தாவது கையேட்டை எழுதினேன்.
ஏழு வரி.
எதைச் செய்து பார்த்தேன், என்ன நடந்தது,
எது எனக்கு இன்னும் தெரியாது.
பெயர் வைக்கும்போது
கை தானாக "இறுதி" என்று தட்டியது.
அழித்துவிட்டுத்
தேதியைப் போட்டேன்.
பதிப்பு எண்ணையும்.