ஈரத்தில் மட்டும்

ஓலண்ட் தீவின் தேவாலயத்தில்
தரை துடைப்பவள் இங்கெயெர்ட்.
காய்ந்தால் வெறும் சுண்ணாம்புக்கல்.
நனைந்தால்
முழநீளக் கூம்புகள், அறை அறையாய்,
கண்ணும் கையும் கரைந்துபோன கடற்பிராணிகள்.

நாற்பத்தேழு கோடி வருஷம் என்கிறாள்
உப்சாலாவில் உயிரியல் படிக்கும் மகள்.
போதகர் ஹல்வார் மறுப்பதில்லை.
ஆறு நாள் கதையை வாசிக்கும்போது மட்டும்
ஒரு கல் தள்ளி நின்றுகொள்வார்.

இன்று ஞானஸ்நானம்.
குழந்தை உதைத்த உதையில்
தொட்டித் தண்ணீர் தளும்பிச் சிந்த,
சிந்திய இடத்தில் ஒன்று
கறுத்து, மினுங்கி, மேலே வந்தது.
"பிதா, குமாரன்" வரை சொன்னவர்
குனிந்து பார்த்தார்.
பரிசுத்த ஆவிக்குச்
சற்றுத் தாமதம்.

எல்லோரும் போனபின்
துணியோடு வந்த இங்கெயெர்ட்
துடைக்காமல் நின்றாள்.
கிடக்கட்டும்,
பாவம்,
தண்ணீர் கண்டு எவ்வளவு நாளாச்சு.