ஒருமை

லா பாஸில் என் கடைக்கு வருகிறவர்கள்
"இன்சிக்னியா" என்பார்கள்,
மருந்துக்கடையில் எதையோ கேட்பதுபோல
குரலைத் தாழ்த்தி.

ஒருமையில்தான் சொல்வார்கள்.
தோள் இரண்டாயிற்றே,
நானாகவே ஜோடியை எடுத்து வைப்பேன்.
பட்டைக்கு ஒரு விலை, நட்சத்திரத்துக்கு ஒரு விலை,
கர்னலுக்கு மட்டும் கடன்.

ஆலங்கட்டி கொட்டிய மாலையில்
எர்மினியா சோக்கே வந்தாள், சால்வை சொட்ட.
"சார்ஜெண்ட் சின்னம். ஒன்று."
ஜோடியைப் பிரிப்பதில்லை, அம்மா.
"மற்றது இருக்கிறது."
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள்.
மங்கிய பட்டை.
கூடவே பிய்ந்து வந்த
ஒரு விரலகலச் சட்டைத் துணி.

யார் பிய்த்தது என்று நான் கேட்கவில்லை.
"நாளைக்கு விசாரணை.
இரண்டு தோளோடு நிற்கவேண்டும் என் பையன்.
அப்புறம் அவர்களே எடுத்துக்கொள்ளட்டும்,
முறைப்படி."

கத்தரித்தேன்.
ரசீதில் "இன்சிக்னியா" என்று எழுதினேன்;
பதினேழு வருஷத்தில் முதல்முறையாக
இலக்கணம் சரியாக இருந்தது.

கதவருகே போனவள் திரும்பினாள்.
"புதுசாய்த் தெரியுமே?"

அடுப்புச் சாம்பலை அள்ளிவந்தேன்.
ஆளுக்கொரு விரலால்
தேய்த்துக்கொண்டிருந்தோம்,
கூரைமேல் சத்தம் நின்ற பிறகும்.