ஏழாம் விதி

தூனில் சனிக்கிழமை செத்துப்போன ரெட்டோவின் கள்ளன்
செவ்வாய்க்கிழமை பீல் மேசைக்கு உயிரோடு வந்தான்.
"அங்கே பூஜ்யம் என்றால் சாவு,
இங்கே வெறும் மயக்கம்தானே?"
சிரித்தோம்.
பிறகு சண்டை.

ஐந்து ஊர், இருபத்திரண்டு மேசை, ஒரே கதை.
லோசானில் எரிகிற தீ
சோலோத்தூர்னில் சுடாது.
விதிகளை ஒன்றாக்கு என்று என்னிடம் தந்தார்கள்.
கணக்காளர், யாருடைய கட்சியும் இல்லை என்பதால்.

பனி முடியும்வரை எழுதினேன்,
ஜெர்மனில் ஒரு பத்தி, பிரெஞ்சில் அதே பத்தி.
விதி ஏழு: ஒரு மேசையில் இறந்தவர்
எல்லா மேசையிலும் இறந்தவர்.
கை தூக்கினார்கள், ரெட்டோ தவிர.

அன்றிரவே, பாலத்துக் காவலில்,
நாலு வருடமாக நான் ஆடிய வில்லாளிக்கு
பகடையில் ஒன்று விழுந்தது.
எங்கள் வீட்டில் அது தாயம்,
ஆட்டம் அதில்தான் தொடங்கும்.

மேசை நடத்திய ஓடில்
பென்சிலைத் தூக்கியபடி கேட்டாள்,
"மயக்கம் என்று போடட்டுமா?"

பேனா வாங்கி நானே எழுதினேன்:
தேதி, ஊர், மேசை எண்.
மை காயவில்லை, ஊதினேன்.

வாசலில் ரெட்டோ என் கோட்டை நீட்டினான்.
ரயிலில் பையைத் துழாவினால்
கள்ளனின் தாள், நாலாக மடித்து,
குறுக்கே ஒரு கோடு:
தூன், சனிக்கிழமை.