ஒன்று முதல் ஏழு வரை

ஞாயிறு ஒரு மணிக்கு
ஹார்பர்ஃபிரண்ட் ரயில் நிலையத்தில்
அட்டை தட்டும் கதவுக்கு இப்பால் அனுப்பப்படுவாள்.
ஏழு மணிக்கு
அதே கதவில் திருப்பித் தரவேண்டும்.
நீதிமன்றத் தாளில் இதற்கு
‘நியாயமான அணுகல்’ என்று பெயர்.

மிருணாளினி உடனே அணுகிவிடுவதில்லை.
முதலில் என் சட்டையைப் பார்ப்பாள்.
“போன வாரமும் இதேதான்.”
எட்டு வயது.
சாட்சிக் கூண்டில் ஏற்றலாம், அப்படி ஒரு ஞாபகம்.

வேறு எங்கே கூட்டிப்போக?
நான் இருப்பது வாடகை அறை.
கூட இருக்கும் இருவரும் இரவு வேலைக்காரர்கள்,
பகலில் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவார்கள்.
ஆக, கடலைப் பார்த்து நிற்கும்
இந்தப் பேரங்காடிதான் எங்கள் கூடம்.
மூன்று மாடிக்கும் ஒரே குளிர்காற்று,
மின்கட்டணம் யாரோ கட்டுகிறார்கள்.
வாசனைத் திரவியக் கடையில்
அட்டைத்துண்டில் தெளித்து வாங்கிக்கொள்வோம்.
மெத்தைக் கடையில்
ஆளுக்கொரு கட்டிலில் படுத்துப் பார்ப்போம்.
சரியாக இரண்டு நிமிடம்,
விற்பனைப் பெண் திரும்பும்வரை.

மாடியில் கணுக்கால் அளவுக் குளம்.
நகரத்தின் பாதிப் பிள்ளைகள் அதில்.
தலைக்கு மேல் கேபிள் கார்
செந்தோசாவுக்கும் மலைக்குமாய்
உட்கார இடம் தேடுவதுபோல் அலைகிறது.
அவள் காலணிகளைக் கரையில் ஜோடியாக வைத்தாள்.
நான் கோப்பி வாங்கத் திரும்பினேன்,
வரிசை நீளம்.
திரும்பி வந்தபோது
ஒன்று தண்ணீரில் மிதந்தது.
மற்றது இல்லை.

நீள வலையால் இலை அள்ளும் ஆன்ட்டியிடம்
கையால் பேசினேன்,
என் சீனம் ஐந்து வார்த்தை, காலணி அதில் இல்லை.
புரிந்துகொண்டாள். குளம் முழுக்க அரித்தாள்.
வந்தவை:
உறிஞ்சுகுழல், காயத்துணி,
யாரோ ஒருத்தியின் ஒற்றைக் கம்மல்.
கம்மலைத் துடைத்து மேற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.
எங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

இரண்டாம் மாடிக் காலணிக் கடை.
நடந்தால் மின்னுகிற வகை ஒன்று இருந்தது.
மிரு அதைக் கையில் எடுத்தாள்,
எடுத்ததும் கவிழ்த்தாள்,
அடியில் ஒட்டியிருந்த விலையைப் படித்தாள்.
அதற்குப் பிறகுதான்
காலணியின் முகத்தையே பார்த்தாள்.
ஐம்பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு.
மெல்லத் திரும்ப வைத்தாள்,
தூங்குகிற பூனையை இறக்கி வைப்பதுபோல.

“இது பிடிச்சிருக்குப்பா” என்று காட்டியது
ஏழு வெள்ளி ரப்பர் செருப்பு,
சேற்றுப் பச்சை.
பொய் சொன்னால் மூக்கு சுருங்குவது
எங்கள் பரம்பரை.
நானும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு
“அழகா இருக்கு” என்றேன்.

அப்புறம் கடலோரப் படிக்கட்டு.
ஒரு ஐஸ்கிரீம், இரண்டு கரண்டி.
மாடிமாடியாய் ஒரு உல்லாசக் கப்பல்
சத்தமில்லாமல் கிளம்பிக்கொண்டிருந்தது,
எங்கள் வீவக புளோக்கைப் பெயர்த்து மிதக்கவிட்டமாதிரி.
எங்கள் என்றா சொன்னேன்,
அவர்கள் புளோக்.

அவள் கப்பலுக்குக் கையாட்டினாள்.
“யாரு இருக்கா அதுல?”
“யாரும் இல்ல.
பாக்குறவங்க யாராச்சும்
தெரிஞ்சவங்கன்னு நெனச்சுப்பாங்கல்ல.”
ஒரு பால்கனியில் ஏதோ அசைந்தது.
கையா, காயப்போட்ட துண்டா, தெரியவில்லை.
துண்டு என்று சொல்லவந்தேன்.
சொல்லவில்லை.

ஆறு ஐம்பத்தெட்டு.
கதவுக்கு அப்பால் நிற்பவள்
முதலில் பார்த்தது பாதங்களைத்தான்.
“ஷூ எங்கே?”
எனக்கு வாய் திறக்குமுன்
“அப்பா வாங்கிக் கொடுத்தார்” என்றாள் மிரு,
கேட்காத கேள்விக்கு.
அட்டையைத் தட்டினாள். கதவு விலகியது.
நகரும் படிக்கட்டில் பச்சைச் செருப்பு
கீழே, கீழே, இல்லை.

ரயிலில் என் பை சொட்டுகிறது.
பக்கத்தில் இருக்கும் பெண்
தன் கடைப்பைகளை மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறாள்.
மன்னிப்புக் கேட்கிறேன்.
உள்ளே என்ன, மீனா? என்கிறது அவள் பார்வை.

இடதுகால். அளவு முப்பத்தொன்று.
“எறிஞ்சிடாதீங்கப்பா,
அடுத்த வாரம் வந்து
இன்னொண்ணைத் தேடணும்.”